ஆறு செக்கன்

சென்ற மாதம் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வடிவமைப்புப் படிப்பவர்கள். வட்டிலப்பமும் தேநீரும் வைத்தேன். அவர்களில் ஒருத்தி தன் கைபேசியை மேசையில் வைத்து, "மெடம், இதப் பாருங்களே" என்று சொல்லிவிட்டு அதற்கு சலாம் சொன்னாள். கைபேசி கொஞ்சமும் தயங்காமல் "வஅலைக்குமுஸ்ஸலாம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"என்ன மெடம், சுகமில்லயா?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். போகும்போது தங்கள் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "நீங்க செஞ்சதுல நல்ல டிசைன் ஒண்டப் பத்தி எழுதித் தாங்க." நல்ல டிசைனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அது நல்லதாக இருந்தால் யார் கண்ணிலும் படாது, வேலை நடக்கும், அவ்வளவுதான். நான் எழுதப்போவது மற்றதை. பிள்ளைகள் விரும்பினால் போடட்டும், விரும்பாவிட்டால் கிழிக்கட்டும்.

என் தொழிலுக்கு ஊடாட்ட வடிவமைப்பு என்று பெயர். இந்தப் பெயரைச் சாய்ந்தமருதில் சொல்லி நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. என் உம்மா கடைசிவரை அயலில் உள்ளவர்களிடம் "மகள் கொம்பியூட்டர்ல பட்டன் கீறுறா" என்றுதான் சொன்னார். பிழையில்லை. ஒரு மனிதன் ஒரு பொருளைத் தொட்டால் அந்தப் பொருள் அவனுக்கு என்ன மறுமொழி சொல்ல வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் என் வேலை. முப்பத்தைந்து வருடம் அதைச் செய்தேன். இந்த வரியை எழுதும்போதே எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது. ஏன் என்று பிறகு விளங்கும்.

படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்முனையில் ஓர் அச்சகத்தில் கல்யாண அழைப்பிதழும் விண்ணப்பப் படிவமும் அச்சுக் கோத்துக் கொடுப்பதில் தொடங்கினேன். படிவத்தில் நாம் ஒரு விரல் இடம் விட்டால் சனம் அதற்குள் தங்கள் சீவிய காலத்தையே எழுதிவிடுவார்கள் என்பதை அங்கே கற்றேன். பிறகு கொழும்பில் இரண்டு வருடப் படிப்பு. திரும்பி வந்தபோது படிவங்கள் எல்லாம் திரைக்குள் போய்க்கொண்டிருந்தன. நானும் திரைக்குள் போனேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு வந்த திட்டங்கள் எண்ணிலடங்காதவை. பெரும்பாலானவை பெயர்ப்பலகையோடு முடிந்தன. கடைசியாக மிஞ்சிய ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. சின்ன பைபர் போட்களில் கடலுக்குப் போகிறவர்கள் ஆபத்து வந்தால் கரைக்கு அறிவிக்க ஒரு வழி செய்வது அந்தத் திட்டத்தின் நோக்கம். ஒவ்வொரு போட்டுக்கும் தண்ணீர் புகாத உறைக்குள் ஒரு கைபேசி. திரையில் ஒரேயொரு பெரிய வட்டப் பொத்தான். அதை அழுத்திக்கொண்டு கதைத்தால் கதை கரையில் உள்ள மேசைக்குப் போய்ச் சேரும். போட் நிற்கும் இடமும் கூடவே போகும். மேசையில் இருப்பவர் கேட்டுவிட்டு 'ஆபத்து' அல்லது 'சாதாரணம்' என்று குறிக்க வேண்டும்.

ஏன் நேராகப் போன் கோல் எடுக்கக் கூடாது என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்கள் வலை போடுகிற தூரத்தில் கோல் நிற்காது, பாதியில் அறுந்துவிடும். ஆனால் ஒரு சின்ன ஒலித்துண்டு எப்படியாவது நெளிந்து வளைந்து கரைக்கு வந்துவிடும். எவ்வளவு சின்னது என்று பல நாள் சோதித்தோம். ஆறு செக்கன். அதற்கு மேல் போனால் பாதி வந்து சேரவில்லை.

எங்கள் பணிப்பாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடக்கிலிருந்து வந்தவர், மெலிந்த மனிதர், கழுத்தில் ஒரு நிறுத்தற் கடிகாரம் எப்போதும் தொங்கும். சீனி போடாத தேநீர் குடிப்பார். நாங்கள் ஒரு திரையை வரைந்து கொண்டுபோனால் உட்காரச் சொல்ல மாட்டார். நின்றபடியே அந்தத் திரையில் உள்ளதை உரத்து வாசிக்கச் சொல்வார். ஒரே மூச்சில் வாசித்து முடியாவிட்டால் கடதாசியைத் திருப்பித் தந்துவிடுவார். "சுருக்குங்கோ, மிஸ்." அவ்வளவுதான் பேச்சு. கோபிக்க மாட்டார், பாராட்டவும் மாட்டார். இருபது சொல்லில் கொண்டுபோனதைப் பத்தாக்குவார், பத்தை நாலாக்குவார். அவரிடம் நான் கற்றது ஏராளம். இன்றைக்கும் என் பேரப்பிள்ளை நீட்டி முழக்கிக் கதை சொன்னால் என் வாயில் அவருடைய சொல்தான் வரும்.

சோதனை செய்யும் முறையையும் அவர்தான் பழக்கினார். சோதிக்கப்படுகிறவரின் இடப்பக்கம் உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. கொப்பியில் மூன்று நிரல் கீறி, முதலாவதில் அவர் கை என்ன செய்தது, இரண்டாவதில் அவர் வாய் என்ன சொன்னது என்று அப்படியே எழுத வேண்டும். மூன்றாவது நிரல் 'நான் நினைப்பது'. அதை மட்டும் அங்கே வைத்து எழுதக் கூடாது. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, தூங்கி எழும்பி, மறுநாள்தான் எழுத வேண்டும். "கண்டவுடனே நினைக்கிறது நினைப்பில்லை மிஸ், அது அவசரம்" என்பார்.

முதலில் கந்தோரில் நாங்களே சோதித்தோம். பொத்தானை அழுத்தி "எஞ்சின் பழுது, ஒலுவில் துறைமுகத்துக்கு நேரே கிழக்க நிக்கம்" என்று சொன்னால் நாலு செக்கன்தான். பணிப்பாளர் கடிகாரத்தை நிறுத்தி, "ரெண்டு மிச்சம்" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம்.

பிறகு கரைக்குப் போனோம். அங்கேதான் ஹனீபா காக்காவைக் கண்டேன்; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர், சொந்த போட் வைத்திருந்தார். பெண்ணொருத்தி கொப்பியோடு மணலில் வந்து உட்கார்ந்ததற்கு மற்றவர்கள் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். அவர் தன் சாக்கை விரித்து, "இருங்க புள்ள, மணல் சுடும்" என்றார். கைபேசியை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "இது விழுந்தா மிதக்குமா, நாங்கதான் மிதக்கணுமா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

எஞ்சின் நின்றுவிட்டதென்று வைத்துக்கொண்டு கரைக்கு அறிவியுங்கள் என்றேன். பொத்தானை அழுத்தினார். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். பிறகு விரலை எடுக்காமல் பேச்சை மட்டும் நிறுத்திக் காத்திருந்தார். திரையில் ஆறு செக்கன் ஓடி முடிந்தது. 'டிங்' என்று சத்தம் வந்து ஒரு பச்சைச் சரி அடையாளமும், அதற்குக் கீழே 'செய்தி கிடைத்தது' என்ற எழுத்தும் தோன்றின. அந்தச் சரி அடையாளத்தை நான் மூன்று நாள் இருந்து கீறியிருந்தேன், வெயிலில் தெரிய வேண்டுமே என்று.

ஹனீபா காக்கா அதைப் பார்த்தார். "ஆ, எடுத்துட்டாங்க" என்று சொல்லிக் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார்.

வாய் திறக்கக் கூடாது என்ற விதியை நான் அங்கே மீறினேன். "காக்கா, அங்கால இருந்து ஒருத்தரும் கதைக்க மாட்டாங்க. நீங்க நேராச் செய்தியச் செல்லணும்" என்றேன்.

"சலாத்துக்கு மறுமொழி வராம மத்தக் கதைய எப்படிப் புள்ள கதைக்கிற?" என்றார் அவர். "ஆள் இரிக்கா இல்லயா எண்டு தெரியாம, சுவரோட கதைக்கிற மாதிரியெல்லோ."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அன்று பன்னிரண்டு பேரைச் சோதித்தேன். பன்னிரண்டு பேரும் சலாம் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள்.

மறுநாள் காலை பணிப்பாளரிடம் போய், சனம் சலாத்தோடுதான் தொடங்குகிறது என்றேன். எவ்வளவு நேரம் போகிறது என்று கேட்டார். ரெண்டு செக்கன் என்றேன். காத்திருப்பதைச் சொல்லவில்லை. அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. "அப்ப பயிற்சியில அதை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றார். அவர் முஸ்லிம் அல்ல. சலாம் என்பது 'ஹலோ' மாதிரி ஒரு சொல், மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்குத் தெரியும். சலாம் சொன்னவனுக்குப் பதில் சொல்வது கடமை என்று ஓதப் போன காலத்திலிருந்து எனக்குத் தெரியும். அன்று காலையில்கூட உம்மாவுக்குக் கோல் எடுத்து, சலாம் சொல்லி, அவர் பதில் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வீட்டில் அப்படி இருந்துவிட்டு, கந்தோருக்குள் நுழைந்ததும் என் மூளை வேறு மூளையாகிவிட்டது.

ஒரு கிழமை பயிற்சி வைத்தோம். சலாம் வேண்டாம், நேராக விஷயம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். ஹனீபா காக்காவும் வந்தார். கடைசி நாள் பிசகில்லாமல் நாலு செக்கனில் சொல்லி முடித்தார். "பாஸா புள்ள?" என்று கேட்டார். பாஸ் என்றேன்.

திட்டம் தொடங்கி ஏழு மாதம் நன்றாகவே போனது. எட்டாம் மாதம் ஒரு நாள், நடுப்பகல் லுஹர் தொழுகை கழிந்து கொஞ்ச நேரத்தில், ஹனீபா காக்காவின் கைபேசியிலிருந்து ஓர் ஒலித்துண்டு கரைக்கு வந்தது. மேசையில் இருந்தவர் கேட்டுவிட்டு 'சாதாரணம்' என்று குறித்தார். பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகும் போட் திரும்பவில்லை. தேடப் போனார்கள். கவிழ்ந்த போட் கிடைத்தது. அவரோடு போன ஜௌபரின் மையித்து இரண்டாம் நாள் ஒலுவில் பக்கம் கரை ஒதுங்கியது. ஹனீபா காக்கா இன்றுவரை கிடைக்கவில்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். பணிப்பாளர், மீன்பிடிச் சங்கத்தில் ஒருவர், நான். ஒலித்துண்டைப் போட்டுக் கேட்டோம். "அஸ்ஸலாமு அலைக்கும்." பிறகு காற்றும் தண்ணீரும். ஆறு செக்கன் முடிந்தது. மேசையில் இருந்தவர் அழுதார். "சேர், ஒரு நாளைக்கு எத்தின பேர் போன் வேலை செய்யுதா எண்டு சும்மா சலாம் செல்லிப் பாக்காங்க. இவரும் அப்படித்தான் எண்டு நினைச்சன். அல்லாஹ் மேல ஆணையா அப்படித்தான் நினைச்சன்." போட் நின்ற இடம் அன்று பின்னேரம் முழுக்க அவருக்கு முன்னால் திரையில் இருந்திருக்கிறது. எஞ்சின் நின்றதா, தண்ணீர் ஏறியதா என்பது யாருக்கும் தெரியாது. அதைச் சொல்ல அவருக்கு முறை வரவில்லை.

அறிக்கையை எழுதியது நான். ஒரு பந்தி எழுதிக் கொண்டுபோய் நின்றபடியே வாசித்தேன். செய்தி அனுப்பியவர் பயிற்சி பெற்றிருந்தார், ஆயினும் பயிற்சியில் சொல்லப்பட்ட முறையைப் பின்பற்றாமல் முகமன் மட்டுமே கூறியுள்ளார், அதனால் ஆபத்தை அறிய முடியவில்லை என்று போனது அந்தப் பந்தி. ஒரு மூச்சில் முடியவில்லை.

"சுருக்குங்கோ, மிஸ்."

'பாவனையாளர் தவறு' என்று எழுதினேன்.

அறிக்கை ஊருக்குள் போகும்போது இன்னும் சுருங்கியது. "ஹனீபாட பிழையாம்." இதற்கு மேல் விளக்குவதற்கு ஹனீபா காக்காவின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். அக்கா தங்கை ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டி இருப்பார்கள். ஹனீபா காக்காவின் மனைவி நசீமா. ஜௌபரின் மனைவி ரிஸானா. இருவரும் உடன்பிறந்தவர்கள். சகலன்மார் இருவரும் ஒரே போட்டில் போனார்கள். ஒருவர் வாய் திறக்காததால் மற்றவரும் செத்தார் என்று ஊர் பேசியது. என் இரண்டு சொல் பேசியது என்றுதான் சொல்ல வேண்டும்.

கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்ததும் ரிஸானா வளவின் நடுவால் தகர வேலி அடித்தார். வேலி கிணற்றடிவரை வந்து நின்று, கிணற்றுக்கு அந்தப்பக்கம் மறுபடி தொடங்குகிறது. கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. ரிஸானாவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது நசீமாவுக்குச் சொல்லவில்லை. பெண்ணின் பெரியம்மா, நாலு கஜ தூரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாராம். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். ஊரில் என்ன நடந்தாலும் என் உம்மாவுக்குத் தெரியும், உம்மாவுக்குத் தெரிந்தால் எனக்கும் தெரியும். பாவம் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

திட்டம் முடிந்தது. கொழும்பில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் திரை கீறினேன். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் பதிந்தேன். வீட்டில் கேலி தாங்க முடியவில்லை. "பேரனும் நீயும் ஒரே வேன்ல போவீங்களா?" என்று என் கணவர் கேட்டார். நான் செய்த வடிவமைப்புகளை நானே மறுபடி எடுத்து, ஒவ்வொரு தீர்மானமும் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதுதான் ஆய்வு. சுலபம் என்று நினைத்தேன். என் வேலைதானே, எனக்குத் தெரியாததா என்று ஒரு எண்ணம்.

என் மேற்பார்வையாளர் ஒரு சிங்களப் பேராசிரியை. என்னைவிடப் பத்து வயது குறைந்தவர். கடற்கரைத் திட்டம் என் ஆய்வில் மூன்றாம் அத்தியாயம். 'பயிற்சியின் எல்லைகள்' என்று அதற்குத் தலைப்பு வைத்து, 'பங்கேற்பாளர் 7' என்று ஹனீபா காக்காவுக்கு இலக்கம் போட்டு, ஒலித்துண்டையும் இணைத்து அனுப்பியிருந்தேன். ஒன்பது வருடமாக அது என் கணினியில்தான் கிடந்தது.

பேராசிரியை அதைக் கேட்டுவிட்டு, இவர் சொல்வதன் பொருள் என்ன என்று கேட்டார். முகமன், உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்று பொருள் என்றேன்.

"அதைச் சொன்ன பிறகு வழக்கமாக என்ன நடக்கும்?"

"மற்றவர் பதில் சொல்வார்."

"சொல்லாவிட்டால்?"

"சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அது கடமை."

அவர் என் வரைபடத்தை என் பக்கம் திருப்பினார். அழுத்துவது, பதிவது, அனுப்புவது, சரி அடையாளம் என்று பெட்டி பெட்டியாக நான் கீறிய படம். "அந்தப் பதில் இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்.

அவர் குத்திக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய கொப்பிகளை இறக்கினேன். அந்த நாளின் பக்கம் கிடைத்தது, மணலும் ஒட்டியிருந்தது. முதல் நிரல்: 'அழுத்தினார். சொன்னார். காத்திருந்தார். ✓ கண்டதும் காதில் வைத்தார்.' இரண்டாம் நிரல்: 'சலாத்துக்கு மறுமொழி வராம மத்தக் கதைய எப்படிப் புள்ள கதைக்கிற.' என் கையெழுத்துத்தான். எழுதியது எனக்கு நினைவே இல்லை. மூன்றாம் நிரலில், தூங்கி எழும்பி அல்ல, அந்த மணலில் வைத்தே, அதே பேனையால் எழுதியிருந்தேன்: 'தேவையற்றது. பயிற்சியில் நிறுத்தலாம்.'

அந்த மனிதன் தனக்கு என்ன நடக்கும் என்பதை எட்டு மாதத்துக்கு முதலே எனக்குச் சொல்லியிருக்கிறார். நானும் எழுதி வைத்திருக்கிறேன். கடலில் தண்ணீர் ஏறும்போது பயிற்சி மறந்து நாக்கு தன் பழக்கத்துக்குப் போயிருக்கும். சலாம் சொல்லியிருப்பார். காத்திருந்திருப்பார். சரி அடையாளம் வந்திருக்கும். எடுத்துவிட்டார்கள் என்று கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, இதோ கதைப்பார்கள், இதோ கதைப்பார்கள் என்று நின்றிருப்பார். அவரை மறுபடி அழுத்தவிடாமல் தடுத்தது என்னுடைய பச்சை அடையாளம். அன்று நான் சாப்பிடவில்லை. இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவேன் என்று அழுதேன்.

பணிப்பாளருக்குக் கோல் எடுத்தேன். வயது போய்விட்டது, கொழும்பில் மகனோடு இருக்கிறார். முழுக்கக் கேட்டார். "இப்ப அதைக் கிளறி என்ன மிஸ்? அறிக்கையை நீங்கள்தானே எழுதினீங்கள்" என்றார். உண்மைதான்.

நசீமாவிடம் உடனே போனேன் என்று எழுத ஆசை. போகவில்லை. ஆய்வு அனுமதி, பரீட்சகர், அது இது என்று இரண்டு மாதம் சாக்குச் சொன்னேன். ஊருக்கு வந்திருந்த ஒரு நாள் காலை, நிந்தவூரில் ஒரு மௌத்து வீட்டில் துக்கம் விசாரித்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நசீமாவின் ஒழுங்கை முனையில் இறங்கினேன். யோசித்தால் போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

வாசலில் நின்று சலாம் சொன்னேன். யார் என்று பார்க்கு முன்னமே உள்ளேயிருந்து பதில் வந்தது. நசீமா குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். கடைகளுக்கு அவித்துக் கொடுத்துத்தான் சீவியம். என்னை அடையாளம் கண்டார். "போன் குடுத்த மிஸ்தானே. இருங்க" என்று பலகையைத் தள்ளிவிட்டார். கை நிற்கவில்லை.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கடைசியிலிருந்து தொடங்கினேன். "ராத்தா, பிழை உங்கட மாப்பிள்ளைல இல்ல. என்னில."

அவர் பிழிந்துகொண்டே இருந்தார். நான் முழுவதையும் சொன்னேன். ஆறு செக்கன், சலாம், சரி அடையாளம், கொப்பியில் எழுதியிருந்தது, அறிக்கையில் எழுதிய இரண்டு சொல். ஒன்றையும் சுருக்கவில்லை. "அவர் கதைக்காம இருக்கல்ல. பதில் வரட்டும் எண்டு நிண்டிருக்கார்" என்றேன். அந்தக் குரல் இன்னும் என்னிடம் இருக்கிறது என்றும் சொன்னேன்.

அங்கேதான் அவருடைய கை நின்றது.

"என்னது இரிக்கி?"

"அவர்ட குரல். அண்டைக்கு அனுப்பினது."

"ஒம்பது வருஷமா?"

"ஓம்."

அவர் இடியப்ப உரலைக் கீழே வைத்தார். மாவுக் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எனக்கு மையித்தும் இல்ல, கபுறும் இல்ல. போய் நிக்க ஒரு இடம் இல்ல. அவர்ட குரல் எப்படி இரிக்கிமெண்டு நினைச்சு நினைச்சுப் பாத்து அதுவும் மறந்து போச்சு. நீங்க என்னத்துக்குகா அத வெச்சிருந்தீங்க?"

ஆய்வுக்கு என்றேன். அந்த வெட்கத்தை நான் மௌத்தாகும்வரை மறக்கமாட்டேன். பிழை செய்ததற்கு அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதைப்பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"போடுங்க" என்றார்.

கைபேசியை எடுத்தேன். அவர் "பொறுங்க" என்று எழும்பிக் கையைக் கழுவினார், முக்காட்டைச் சரிசெய்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பின்கதவால் கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தகர வேலிக்கு அந்தப்பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"ரிஸானா!"

பாத்திரச் சத்தம் நின்றது. பதில் வரவில்லை.

"வாகா இஞ்ச. உன்ட மச்சான் கதைக்கார். கேட்டுப்போட்டுப் போ."

பிறகு ரிஸானா கிணற்றுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. நசீமா அவருக்கு இரண்டே வசனத்தில் சொன்னார். "இந்த மிஸ் செல்றா, சலாத்துக்குப் பதில் வரும் எண்டு அவர் பாத்துக்கிட்டு நிண்டாராம். அந்தப் போன் பதில் செல்லாதாம்."

நான் கைபேசியைக் கிணற்றுக் கட்டில் வைத்து அழுத்தினேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பதறிய குரல் அல்ல. கொஞ்சம் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். பிறகு காற்றும் தண்ணீரும் கேட்டன. நசீமா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பதில் சொன்னது அவர் அல்ல.

"வஅலைக்குமுஸ்ஸலாம், மச்சான்" என்றார் ரிஸானா.

அவர் சொல்லி முடித்த பிறகும் கைபேசியில் காற்றும் தண்ணீரும் கேட்டுக்கொண்டிருந்தன. ஆறு செக்கன் இன்னும் முடியவில்லை.